பாதிப் பந்து

எங்கள் ஆஸ்பத்திரித் தோட்டத்தில் எல்லாமே உருண்டை. வாசலில் உருண்டை, கார் வந்து நிற்கும் இடத்தில் உருண்டை, மருந்துக்கடைக்குத் திரும்பும் வழி நெடுக உருண்டை. என்ன செடி, நிமிர்ந்து வளரும் வகையா, படரும் வகையா, பூக்குமா என்றெல்லாம் யாரும் கேட்கமாட்டார்கள். இடுப்பு உயரம் வந்துவிட்டதா, பந்தாக்கு. அவ்வளவுதான் தோட்டக் கொள்கை.

பந்தாக்குகிறவர் என் அப்பா. கயிறு பிடிக்கமாட்டார், குச்சி நடமாட்டார். பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு செடியைச் சுற்றி நடக்க ஆரம்பிப்பார். நடை நிற்கும்போது செடி உருண்டையாக இருக்கும். அந்தக் கை அங்கே வேறு யாருக்கும் கிடையாது. அதனால் அவருக்குப் பெயரே உருண்டை. அவருடைய சொந்தப் பெயர் மேலதிகாரிகளுக்கு யோசித்தால்தான் வரும்.

அந்தத் தோட்டத்துக்கு நான் மேற்பார்வையாளராக வந்தேன். தோட்டக்கலை படித்திருக்கிறேன், எங்கள் வீட்டில் கல்லூரிக்குள் காலெடுத்து வைத்த முதல் ஆள். பட்டத்தை வைத்துக்கொண்டு எங்கெங்கோ ஏறி இறங்கிவிட்டு, கடைசியில் அப்பா வெட்டுகிற செடிகளுக்குக் காவலாக வந்து நின்றேன். ஒரு வருஷம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். முதல் நாளே அப்பா என்னை ஓரமாகக் கூட்டிப்போனார்.

"இங்க நான் உன்னை மேடம்னுதான் கூப்பிடுவேன். நீயும் அப்பா கிப்பான்னு ஆரம்பிக்காத. ஆளுங்க சிரிப்பாங்க."

"அப்ப என்னன்னு கூப்பிடறது?"

"எல்லாரும் கூப்பிடற மாதிரி கூப்பிடு."

பெற்ற அப்பாவை உருண்டை என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அதனால் வேலை நேரத்தில் அவரை நான் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிட்டே போய் நிற்பேன். அவராகத் திரும்பிப் பார்ப்பார்.

களை எடுக்கும் அக்கா ஒருத்தி இருக்கிறாள். வாயை மூடியதே கிடையாது, அதனால் ரேடியோ. அவள் சொல்லும்போது மட்டும் 'மேடம்' என்ற வார்த்தை ஒரு முழம் நீளும்.

நிர்வாக மேலாளர் ஒருநாள் காலையில் தோட்டத்தைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினேன். அவருடைய மாடி ஜன்னலுக்கு நேர் கீழே, நிர்வாகக் கட்டடத்து மூலையில், மற்றதையெல்லாம் விடப் பெரிய பந்து ஒன்று நிற்கிறது. ஆள் உயரம். அதற்கு இந்தப் பக்கம் கார் நிறுத்துமிடம். அந்தப் பக்கம் சலவைக்கூடத்தின் பின்வாசல். மேலாளர் அந்தப் பந்தின் முன்னால் நின்று ஷூ நுனியால் மண்ணைத் தட்டினார்.

"வெக்கறப்ப செவப்பு செவப்பா பூக்கும்னு சொல்லித்தான் குடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு பூ காட்டல. மலட்டு மரம்."

எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. மரத்துக்குச் சொன்னாலும் பிடிக்கவில்லை.

"மலடெல்லாம் இல்ல சார். இது பாட்டில் பிரஷ். தொங்குற வகை. பூக்க விட்டா பூக்கும்."

"யாரு விடாம இருக்கா?"

அப்பா சற்றுத் தள்ளி, கத்தரியைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். மேலாளர் சிரித்தார்.

"சரி, நீ படிச்ச பொண்ணு. புது வார்டு திறக்கறதுக்குள்ள பூக்க வெச்சுக் காட்டு. இல்லன்னா பிடுங்கிட்டு அந்த இடத்துல கல்லுல ஒரு நீரூற்று வெச்சுடலாம். அதுக்குக் களை எடுக்க வேணாம், கவாத்து வேணாம், மேற்பார்வையும் வேணாம்."

கடைசியில் சொன்னது எனக்கு என்று புரியாமல் இருக்க நான் ஒன்றும் குழந்தையில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். மரம் பூக்கவில்லை என்றால் மரமும் போகும், நானும் போவேன், போகும்போது "தோட்டக்காரன் பொண்ணு தோட்டக்காரனாவது ஆகியிருக்கலாம்" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்வார். அதை யார் சொல்வார்கள் என்பதுகூட எனக்குத் தெரியும்.

அவர் போனதும் மண்டியிட்டு அந்தப் பந்துக்குள் தலையை நுழைத்தேன். வெளியே பார்க்கத்தான் பச்சை. உள்ளே இலையே இல்லை. வெட்டுப்பட்ட குச்சிகள் விளக்குமாறு மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தூசி, சிலந்தி வலை, யாரோ வீசிய ஊசி உறை. கையால் தடவிக்கொண்டே அடிமரத்துக்குப் போனேன். தேடியது கிடைத்தது. தடித்த கிளை ஒன்றைச் சுற்றி, கட்டையோடு கட்டையாக ஒட்டிக்கொண்டு, சின்னச் சின்ன மணிகள். விதைக்காய்கள். இந்த மரம் காயை உதிர்க்காது. வருஷக்கணக்கில் பிடித்து வைத்திருக்கும். காய் இருக்கிறதென்றால் பூத்திருக்கிறது. நர்சரியில், இங்கே வருவதற்கு முன்னால், சின்னச் செடியாக இருந்தபோது.

தலையை வெளியே எடுத்தேன். முடியெல்லாம் இலைத்தூள். தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"என்ன மேடம், உள்ள வீடு ஏதாச்சும் காலியா இருக்கா? வாடகை என்ன சொல்றாங்க?" என்றாள் ரேடியோ.

எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. கண்டுபிடித்துவிட்ட வேகத்தில் இருந்தேன். "இது நுனியிலதான் மொட்டு வைக்கும். பூத்து முடிச்சதுக்கு அப்புறம் அதே நுனிதான் மேல வளரும். மாசா மாசம் நுனியை வெட்டினா மொட்டு எங்கேர்ந்து வரும்? மரத்துல ஒரு குறையும் இல்ல. வெட்டறதுதான் குறை" என்றேன்.

அப்பா கத்தரியைத் தோளிலிருந்து இறக்கினார்.

"நான் வெட்டினதாலயா?"

"ஆமா."

"இவ்வளவு நாளா?"

"ஆமா."

"அடக்கடவுளே," என்றாள் ரேடியோ, "அப்ப உருண்டையண்ணன்தான் இதுக்குக் குடும்பக்கட்டுப்பாடு பண்ணிட்டிருந்தாரா?"

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்பை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் வாத்தியாருக்கு முன்னால், கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கிக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் சிரித்த சிரிப்பு.

அன்று மாலை வீட்டில் அவர் குளித்துவிட்டு, கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். அம்மா தையல் மிஷினை நிறுத்தினாள்.

"என்ன சொன்ன அவரை?"

"உண்மையைச் சொன்னேன்."

"உண்மையைச் சொல்றதுக்கு நாலு பேர் நடுவுலதான் இடம் கிடைச்சுதா?"

"அம்மா, நான் மரத்தைப் பத்திப் பேசினேன்."

"அவருக்கு மரம் வேற, கை வேறயா?" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதித்தாள். அதற்கு மேல் அவளிடம் பேச முடியாது. மிஷின் சத்தத்தில் காது கேட்காது என்பாள், எல்லாம் கேட்கும்.

மறுநாளிலிருந்து அப்பா அந்த மரத்தைத் தாண்டிப் போனார். பக்கத்துச் செடிவரை வெட்டிக்கொண்டு வருவார், கத்தரியை மூடுவார், இதைச் சுற்றிக்கொண்டு போய் அடுத்த செடியில் திறப்பார். ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். நான் கேட்டது அதைத்தான். கேட்டபடியே செய்கிறவரிடம் என்ன சண்டை போடுவது?

ஒரு மரத்தைச் சும்மா விட்டுவைப்பது இவ்வளவு பெரிய வேலை என்று எனக்குப் பாடப்புத்தகத்தில் யாரும் சொல்லித்தரவில்லை. முதலில் தண்ணீர். இலை மேல் பீய்ச்சியடித்துவிட்டு, மண் நனைந்ததும் குழாயை இழுத்துக்கொண்டு போவதுதான் அங்கே பழக்கம். அடிமரத்தைச் சுற்றி அகலமாகப் பாத்தி கட்டி, குழாயை உள்ளே போட்டு, ஆழம்வரை இறங்கவிட்டு, பிறகு நன்றாகக் காயவிட வேண்டும் என்றேன். குழாய்க்காரர் என் முகத்தைப் பார்த்தார். "காயவிடறதுக்கு எதுக்கும்மா தண்ணி விடணும்?" என்றார். பாத்தியில் வேர் சூடேறாமலிருக்க மூடாக்காகச் சருகு போட்டேன். காலையில் பெருக்குகிறவர்கள் சருகைப் பார்த்தால் சும்மா இருப்பார்களா? துடைத்து எடுத்துக் குப்பையில் போட்டார்கள். மறுபடி போட்டேன். மறுபடி பெருக்கினார்கள். "குப்பை இருந்தா எங்களைத்தானே திட்டுவாங்க" என்றார்கள். அதுவும் நியாயம்தான். நியாயமாக இருந்தது என்பதற்காக எனக்குக் கோபம் குறைந்துவிடவில்லை.

அப்புறம் இலை வெளுக்க ஆரம்பித்தது. நரம்பு பச்சையாகவும் மற்ற இடமெல்லாம் மஞ்சளாகவும். உரம் போடுங்கள் என்றார்கள். உரக் குறையில்லை, சுண்ணாம்புதான் காரணம். புது வார்டு கட்டுகிறவர்கள் சிமென்ட் சட்டிகளைக் கழுவித் தண்ணீரை என் பாத்தியில் கொட்டிக்கொண்டிருந்தார்கள்; தோதாகக் கரை கட்டி வைத்திருக்கிறேனே. போய்ச் சண்டை போட்டேன். "எந்த மரம்மா? இதுவா மரம்?" என்றார் மேஸ்திரி. மேல்மண்ணைப் பாளம் பாளமாகப் பெயர்த்து எடுத்துவிட்டு, நல்ல மண்ணும் மட்கிய இலையும் கலந்து நானே போட்டேன். மண்வெட்டி பிடித்து உள்ளங்கை கிழிந்தது. படிக்க அனுப்பியதே இது வேண்டாம் என்றுதான் என்று அம்மா புலம்பினாள்.

மரம் பிழைத்துக்கொண்டது. கவாத்து நின்றதும் நீளத் தொடங்கியது. மேலே போகாது இது. போனது போதும் என்பதுபோல் கிளைகளைக் கீழே விடும். முதலில் பந்திலிருந்து அங்கங்கே மயிர் நீட்டிக்கொண்டு நின்றது. அப்புறம் அந்த நீட்டல்கள் கனத்து வளைந்து தொங்கின. எண்ணெய் காணாத தலை மாதிரி இருந்தது. அதற்குத் தலைவிரிச்சான் என்று பெயர் வைத்தாள் ரேடியோ. ஆம்புலன்ஸ் ஓட்டுநர்கள் அதற்கு வணக்கம் வைத்துவிட்டுப் போனார்கள். மேலாளர் ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, "என்னம்மா, ஆஸ்பத்திரி வாசல்லயே ஒரு நோயாளியை நிறுத்தி வெச்சிருக்க?" என்றார். நான் "பூக்கும் சார்" என்றேன். வாரா வாரம் அதே கேள்வி, அதே பதில். சொல்லிச் சொல்லி எனக்கே அந்த வார்த்தை நைந்துபோனது.

சலவைக்கூடத்துப் பெண்கள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே கொதிநீரும் ஆவியுமாக வெந்துவிட்டு, கையெல்லாம் ஊறிச் சுருங்க, பின்வாசலில் வந்து உட்காருவார்கள். முன்பு சுவர் நிழலில் உட்கார்ந்தவர்கள், இப்போது தொங்கும் கிளைகளுக்குள் நுழைந்து உட்கார ஆரம்பித்தார்கள். கிளையை ஒதுக்கிக்கொண்டு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தார்கள்.

கோடை வெயில் ஏறத் தொடங்கியபோது நுனிகள் தடித்தன. மெல்லிய ரோமம் போர்த்திய, விரல்நீளத் தடிப்பு. பிரித்துப் பார்த்தால் கடுகு கடுகாக நெருக்கியடித்து மொட்டு. ஒன்றில் இல்லை, கார்ப்பக்கமும் சலவைப்பக்கமும் தொங்கிய அத்தனை நுனியிலும். யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் பூக்காமல் போனால் ரேடியோ ஆயுசுக்கும் ஒலிபரப்புவாள். அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் நாங்கள் அப்போது தண்ணீர் விட்டாச்சா, விட்டாச்சு என்ற அளவில்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் நிர்வாகத்துக்கு வேறொரு ஊரிலும் ஆஸ்பத்திரி உண்டு. அங்கே புல்தரை காய்கிறது, போய்ப் பார் என்று என்னை அனுப்பினார்கள். ஒரு வாரம். புல்லுக்கு அடியில் கட்டடக் கழிவைக் கொட்டி மூடியிருந்தார்கள். புல் காயாமல் என்ன செய்யும்? எழுதிக் கொடுத்துவிட்டுத் திரும்பினேன். வரும்போது பஸ்ஸில், முதல் பூ விரிந்திருக்குமோ என்று ஒரு நினைப்பு.

வாசலிலேயே ரேடியோ பிடித்துக்கொண்டாள். இந்த முறை மேடம் நீளவில்லை.

"மேடம், உங்க தலைவிரிச்சானுக்கு முடி வெட்டியாச்சு."

போய்ப் பார்த்தேன்.

பந்து. அவர் வாழ்நாளில் வெட்டியதிலேயே நல்ல பந்து அதுவாகத்தான் இருக்க வேண்டும். ஓர் இலை தூக்கிக்கொண்டு நிற்கவில்லை. அடியில் பெருக்கி, பாத்தியின் விளிம்பைக்கூடத் தட்டிச் சீராக்கியிருந்தார். சலவைப் பெண்கள் பழையபடி சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அப்பா குழாயடியில் கத்தரியைக் கழுவிக்கொண்டிருந்தார். கிட்டே போய் நின்றேன். திரும்பினார். முகமெல்லாம் சந்தோஷம்.

"ஆஸ்பத்திரி சேர்மன் வந்தாரு, மேடம். அதுக்கு முந்தின நாளு மேனேஜர் என்னைக் கூப்பிட்டாரு. இந்தக் கோலத்தை அவர் பாத்தா உன் பொண்ணுக்கு நிரந்தரம் கிடையாது, அன்னிக்கே எழுதி அனுப்பிடுவேன்னாரு. அதான் வேலை முடிஞ்சு எல்லாரும் போனதுக்கு அப்புறம் நின்னு வெட்டிட்டேன்."

"என்னைக் கேட்டிருக்கலாம்ல? போன் இருக்குல்ல?"

"கேட்டா நீ வேணாம்னுவ. உன்னை எனக்குத் தெரியாதா? அப்புறம் உன் வேலை போயிடும்." கத்தரியை உதறினார். "எனக்குத் தெரிஞ்சதைத்தானே நான் செய்ய முடியும்?"

நான் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, நல்ல செய்தி சொல்வதுபோல் சொன்னார்: "நல்லவேளை வெட்டினேன். நுனிக்கு நுனி புழுக்கூடு மாதிரி என்னமோ பிடிச்சிருந்துச்சு. ஒண்ணு விடாம எடுத்துட்டேன்."

கத்த வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வரவில்லை. இந்த வாயால் நான் மேஸ்திரியோடு கத்தியிருக்கிறேன், குழாய்க்காரரோடு, பெருக்குகிறவர்களோடு, கல்லூரியில் என் பெயரை எப்போதும் கடைசியில் கூப்பிட்ட ஆசிரியரோடு. ஈரக் கையோடு, பாராட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும் ஒருவரிடம் கத்த அதில் ஒன்றும் மிச்சமில்லை. "சரி" என்றேன்.

மேலாளர் காரிலிருந்து இறங்கி நேராக வந்தார்.

"இப்ப பாரும்மா! இதைத்தான் நான் அன்னிலேர்ந்து சொன்னேன். சேர்மனே நின்னு பாத்தாரு. பூக்கலன்னா போகுது, ஷேப் இருக்குல்ல? மரம் இருந்துட்டுப் போகட்டும். நீரூற்றை வேற இடத்துல வெச்சுக்கலாம். உனக்கும் நிரந்தரம் போடச் சொல்லிட்டேன்." என் தோளுக்கு மேலே அப்பாவைப் பார்த்துக் கையை ஆட்டினார். "உங்கப்பாகிட்ட கத்துக்கோ."

"சரி சார்" என்றேன்.

மரம் பிழைத்தது. வேலை பிழைத்தது. எதற்காகப் பிழைக்க வேண்டும் என்று நினைத்தேனோ, அது சமையல்கூடத்துக்குப் பின்னாலிருக்கும் குப்பைக்குழியில் கிடந்தது. வீட்டில் அம்மா எனக்கும் அப்பாவுக்கும் சேர்த்துச் சந்தோஷப்பட்டாள். நிரந்தரமாம், நிரந்தரமாம் என்று பக்கத்து வீட்டுக்கும் எதிர்வீட்டுக்கும் சொல்லிவிட்டு வந்தாள். நான் சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அடுத்தடுத்த நாட்களில் வேலைக்குப் போனேன், வந்தேன். அந்த மூலைப்பக்கம் போகவில்லை.

சில நாள் கழித்து ஒரு மதியம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது சமையல்கூடத்துக்குப் பின்னாலிருந்து ஒரு கூப்பாடு.

"பாப்பா! ஏ பாப்பா! இங்க வா!"

வேலையிடத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டதேயில்லை. பாம்பு கீம்பு கடித்துவிட்டதோ என்று ஓடினேன்.

குப்பைக்குழி ஓரத்தில் உடைந்த சிமென்ட் தொட்டி ஒன்று உண்டு. ஏசி தண்ணீர் சொட்டி எப்போதும் நிறைந்திருக்கும். வெட்டியதில் நீளமான, நார்போல வளைகிற கிளைகள் கிடைத்தால் அப்பா தூக்கி எறியமாட்டார். அந்தத் தொட்டியில் நிறுத்தி வைப்பார். மற்ற குப்பையைக் கட்டாகக் கட்ட அதுதான் அவருக்குக் கயிறு. பிளாஸ்டிக் கயிறு கையை அறுக்கும் என்பார். என் மரத்திலிருந்து எடுத்த நீளக் கிளைகளையும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார்.

தொட்டி முழுக்கச் சிவப்பு. கிளைக்குக் கிளை, நுனியைச் சுற்றி, கம்பிபோலச் சிலிர்த்துக்கொண்டு நிற்கும் செந்நிற இழைகள். ஒவ்வோர் இழை முனையிலும் மஞ்சள் பொட்டு. பின்னால் கரி படிந்த சுவர், பக்கத்தில் காய்கறித் தோல், மேலே ஈயும் தேனீயுமாகக் கலந்து மொய்த்தன. அப்பா அதன் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையால் ஒரு பூவைத் தடவி, கையைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் தூள்.

"இதுவா நீ சொன்னது?"

"இதுதான்."

"அந்தப் புழுக்கூடு?"

"புழுக்கூடு இல்லப்பா. மொட்டு."

வாயிலிருந்து அப்பா என்று வந்துவிட்டது. அவர் கவனிக்கவில்லை.

"இத்தன வருஷமா இதையா நான் வெட்டி வெட்டிப் போட்டேன்?"

"ஆமா."

"ஆமான்னு சொல்லாம இருக்க உனக்குத் தெரியவே தெரியாதா?"

"நீங்கதானே கேட்டீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, பூவைத் தடவிய கையாலேயே கண்ணைத் துடைத்து, மஞ்சள் தூள் கண்ணில் பட்டு, நிஜமாகவே கண்ணீர் கொட்டியது. குழாயடிக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டேன். ரேடியோ பார்த்துக்கொண்டு நின்றாள். அதிசயமாக ஒன்றும் பேசவில்லை. தொட்டியிலிருந்து ஒரு கிளையை உருவிக் கொண்டையில் செருகிக்கொண்டு போனாள்.

அப்பாவும் ஒரு கிளையைத் துண்டில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தார். அம்மா வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா அப்பாவும் பொண்ணும் இந்தப் பாடு பட்டீங்க? பாட்டில் கழுவுற பிரஷ் மாதிரில்ல இருக்கு?"

"அதான்மா அதுக்குப் பேரே."

"பேர் வெச்சவன் புத்திசாலி" என்று சொல்லி, மிஷின் மேல் நூல்கண்டுகளுக்கு நடுவில் ஒரு டம்ளரில் வைத்தாள்.

அந்த மரம் வெட்டுப்பட்ட இடத்தில் மறுபடி துளிர்த்தது. கவாத்து நாளும் வந்தது. மேலாளர் சொல்லி அனுப்பியிருந்தார்: பெரிய பந்தை மறக்காதீங்க. என்ன சொல்லித் தடுப்பது என்று யோசித்துக்கொண்டு மூலைக்குப் போனேன். எனக்கு முன்னாலேயே அப்பா அங்கே நின்றார். பந்தின் நடு உச்சியிலிருந்து தரைவரை ஒரு கயிற்றைத் தொங்கவிட்டிருந்தார். அவர் கயிறு பிடித்து நான் பார்த்ததே இல்லை.

"என்ன இது?"

"மேனேஜர் ரூம்ல தொட்டிச்செடிக்குத் தண்ணி ஊத்தப் போனேன்ல, அப்படியே ஜன்னல்கிட்ட நின்னு பாத்தேன். அங்கேர்ந்து இந்தப் பாதிதான் தெரியுது. கார்லேர்ந்து இறங்கினாலும் இந்தப் பாதிதான். அந்தப் பக்கம் அவர் எதுக்குப் போகப் போறாரு? அவர் துணியையா அங்க துவைக்கறாங்க?" கயிற்றைக் காட்டினார். "இந்தப் பக்கம் பந்து. அந்தப் பக்கம் நான் கை வெக்கமாட்டேன்."

எனக்குச் சுர்ரென்று வந்தது. "இது ஏமாத்து வேலைப்பா. சரியானதை ஒழுங்கா எடுத்துச் சொல்லி முழு மரத்தையும்…"

"சொல்லு. மேல போய்ச் சொல்லிட்டு வா. நான் காத்துட்டு இருக்கேன்."

மேலே பார்த்தேன். ஜன்னல் மூடியிருந்தது. படியேறி, கதவைத் தட்டி, நுனி, மொட்டு, காய் என்று முதலிலிருந்து ஆரம்பிப்பதை நினைத்தேன். "உங்கப்பாகிட்ட கத்துக்கோ" என்ற குரலையும் நினைத்தேன். காலே எழவில்லை. அப்பா கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, கத்தரியைத் திறந்தார்.

புது வார்டு திறந்த பிறகு இரண்டு தடவை பூத்துவிட்டது. சலவைப்பக்கம் மட்டும். கிளைகள் தரையைத் தொடுகின்றன. சிவப்பு அப்படியே வழிகிறது. பெண்கள் உள்ளே போய் உட்கார்ந்தால் வெளியே கால் மட்டும் தெரியும். தேன்சிட்டு ஒன்று அவர்களுக்குப் பயப்படுவதையே விட்டுவிட்டது. கார் நிற்கும் பக்கம் வழுவழு பந்து. மேலாளர் விருந்தாளிகளுக்கு அதைக் காட்டி, "இந்த மரம் பூக்காது. ஆனா ஷேப்பைப் பாருங்க" என்கிறார். அவர் பின்னால் நின்று நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

பூ முடிந்ததும் அந்தப் பக்கக் கவாத்து என்னுடையது. காய்ந்த பூவுக்குச் சற்றுக் கீழே சின்னக் கத்தரியால் ஒரு வெட்டு. அதற்கு மேல் உள்ளே போகக்கூடாது. ஒவ்வொரு நுனியாகப் பிடித்து, பார்த்து, வெட்ட வேண்டும். கழுத்து வலிக்கும். மறுபக்கத்தில் அப்பாவின் பெரிய கத்தரி சத்தம் நிற்காமல் கேட்கும். நடுவில் மரம் இருப்பதால் ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. "அப்பா" என்று நான் கூப்பிடுவதும் வேறு யார் காதிலும் விழாது.

ஆனால் ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் வெறுமை என்றால் எந்த மரமும் நிமிர்ந்து நிற்காது. இது கொஞ்சம் கொஞ்சமாகச் சலவைப்பக்கம் சாய்ந்துகொண்டு வருகிறது. மேலிருந்து பார்த்தால் பந்து லேசாக மல்லாந்திருப்பது தெரிய ஆரம்பிக்கும். மேலாளர் கண்ணில் படுவதற்குள் ஒரு முட்டுக்கொம்பு ஊன்ற வேண்டும். நாளைக்கு ஊன்றலாம் என்றார் அப்பா. இன்றைக்கு இரண்டு பேருக்குமே கை ஓய்ந்துவிட்டது.